டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது

கேன் தண்ணீரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 60தான், அதனால் பயமில்லாமல் குடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடலூர் முதுநகர் மாதிரி கடலோரத்தில் குறைந்த எண்ணைக் கண்டால் நிம்மதி வருவது இயல்புதான். ஆனால் டி.டி.எஸ். பார்க்கும் பேனா வடிவ மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை. அதை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவே. கிருமி இருப்பது அதற்குத் தெரியாது.

நீங்களே பார்க்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள், எண் பெரிதாக அசையாது. இன்னொன்றில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், நூற்றுக்கணக்கில் எகிறும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500-இல் டி.டி.எஸ்.ஸுக்கு லிட்டருக்கு 500 மி.கி. என்பது ஒரு நிபந்தனை. 100 மில்லியில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அறவே கூடாது என்பது வேறு நிபந்தனை. இரண்டாவதற்கு ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பரிசோதனை கேளுங்கள். வெறும் 'தண்ணீர் டெஸ்ட்' என்றால் பெரும்பாலும் உப்பு, கடினத்தன்மையோடு முடித்துவிடுவார்கள். மாதிரியைக் கிருமி நீக்கிய புட்டியில்தான் எடுக்க வேண்டும்.