பழைய டாக்டர் ஹூவைக் கலாய்க்கவும் ஒரு முறை இருக்கிறது

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, பிபிசியின் பழைய அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவைக் கலாய்த்துக்கொண்டே பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் பல கூட்டங்கள் முதல் நாளோடு படுத்துவிடுகின்றன. கேட்டால் "தொடர் மொக்கை" என்பார்கள். தப்பு தொடரில் இல்லை, கதையைத் தேர்ந்தெடுத்த விதத்தில். இருப்பதிலேயே மோசமான கதை எது என்று தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். கதையும் மோசம், பூதமும் மோசம் என்றால் பத்தே நிமிடத்தில் சிரிப்பு தீர்ந்துவிடும். மிச்ச நேரம் ஆளாளுக்கு போனை நோண்ட வேண்டியதுதான். கதை கெட்டியாக இருந்து பூதம் மட்டும் சொதப்பியிருக்க வேண்டும். கூட்டமாகப் பார்க்க அதுதான் தோதான சரக்கு.

தோதில்லாத சரக்குக்கு உதாரணம் 1965-இல் வந்த 'தி வெப் பிளானட்'. ஆறு பாகம், ஆள் உயர எறும்புகள். ஓர் எறும்பு நேராக ஓடிவந்து கேமராவில் முட்டிக்கொள்ளும். அதை அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்த முட்டலை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஏன் வெட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு: அன்றைக்கு வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. அதனால் மேடை நாடகம் போல வரிசையாக நடித்துக்கொண்டே போவார்கள். இரவு பத்து மணிக்கு ஸ்டூடியோவை மூடியாக வேண்டும், தொழிற்சங்க விதி. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தில் தடுமாறி, தானே சமாளித்துக்கொண்டு போவதெல்லாம் அப்படியே தங்கிவிட்டது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு குறையாது, கூடத்தான் செய்யும்.

புதுக் கூட்டத்துக்கு என் சிபாரிசு 1975-இன் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்'. நாலு பாகம், ராபர்ட் ஹோம்ஸ் எழுதியது. முதல் பாகம் முழுக்க டாக்டராக வரும் டாம் பேக்கர், அவரோடு பயணிக்கும் சாரா, ஹாரி மூன்று பேரைத் தவிர வேறு ஆளே கிடையாது. அதிலேயே பயத்தைக் கட்டி எழுப்பிவிடுகிறார்கள். அப்புறம் வருகிறது கை. விண்வெளி நிலையத்தின் தலைவன் நோவா பூச்சியாக மாறிக்கொண்டிருக்கிறான்; பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்தால், பச்சை பெயின்ட் அடித்த பபிள் ராப்! அறை முழுக்கச் சிரிப்பு வெடிக்கும். வெடிக்கட்டும். அடுத்த நிமிடம் நடிகரைப் பாருங்கள்: கென்டன் மூர் அந்தக் கை தன்னுடையதே அல்ல என்பது போல அதோடு மல்லுக்கட்டுவார். தன்னைக் கொன்றுவிடும்படி அவன் கெஞ்சும் இடம் குழந்தைகளுக்குத் தாங்காது என்று வெட்டப்பட்டது. பபிள் ராப்பை அன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் அவ்வளவாகப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். சிரித்த வாய் தானாக மூடிக்கொள்ளும் இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

எபிசோடுகளை ஒரே மூச்சாக ஓட்டாதீர்கள். இவை வாரத்துக்கு 25 நிமிடம் என்று எழுதப்பட்டவை. ஒரு அமர்வுக்கு இரண்டு பாகம், அதற்கு மேல் வேண்டாம். பாகம் முடிந்து தீம் இசை வீறிட்டதும் நிறுத்துங்கள். ஆபத்திலிருந்து எப்படித் தப்பப் போகிறார்கள் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்லட்டும். பிறகுதான் அடுத்த பாகம். ஆர்க்கின் முதல் பாகத்தில் ஹாரி அலமாரியைத் திறக்க, ராட்சதப் பூச்சி மேலே சாய்கிறது. அடுத்த பாகத்தில் பார்த்தால் அது எப்போதோ செத்துக் காய்ந்தது. 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' இரண்டாம் பாகத்தில் சாரா உயரத்திலிருந்து விழும்போது படம் உறைந்து நிற்கும். மூன்றாம் பாகத்தில், சற்றுக் கீழே இருந்த மேடையில் விழுந்து கிடக்கிறார், அவ்வளவுதான்! வாரம் முழுக்கக் காத்திருந்த 1975-இன் பிள்ளைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

அதே ஜெனிசிஸில் ராட்சதக் கிளிஞ்சல் ஒன்று ஹாரியின் காலைக் கவ்வும். கிளிஞ்சல் கவ்வுகிறதா, ஹாரி காலை உள்ளே விட்டு ஆட்டுகிறாரா என்று பட்டிமன்றமே நடத்தலாம். ஆனால் டாலெக் என்னும் உலோக ஓட்டு எதிரிகளை உருவாக்கிய டாவ்ரோஸ் பேசும்போது வாயைத் திறக்காதீர்கள். டாவ்ரோஸாக நடித்த மைக்கேல் விஷர் முகமூடிக்குள்ளிருந்து வெறும் குரலாலேயே நடித்தாக வேண்டும் என்பதால் ஒத்திகையில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு பழகியவர். அந்த உழைப்பு குரலில் கேட்கும்.

டிவியில் சரிசெய்ய வேண்டியவை சில உண்டு. படம் 4:3 விகிதத்தில்தான் இருக்க வேண்டும்; இழுத்தால் டாலெக் குண்டாகும், பெரிதாக்கி வெட்டினால் தலை போய்விடும். டிவி தானாக இடையில் படங்களை நுழைத்து அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். ஸ்டூடியோ காட்சிகள் வீடியோவில் நொடிக்கு 50 படமாகப் பதிவானவை. வெளிப்புறம் பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிம், நொடிக்கு 25. அதனால்தான் அறைக்குள் கிரிக்கெட் நேரலை போல வழுக்கும் படம், கதவைத் திறந்து வெளியே வந்ததும் சினிமாவாக மாறுகிறது. இந்தத் தாவலே பாதி நகைச்சுவை. டிவிடியைக் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டினால், கோடு கோடாகப் பதிவான படத்தை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸை 'ஆன்' செய்து, மோடில் 'யாடிஃப் 2எக்ஸ்' வையுங்கள். வைக்காவிட்டால் ஆள் நகரும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். யாராவது நொடிக்கு 25 படமாகக் குறைத்து வைத்திருக்கும் கோப்பு என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை, வேறு பிரதி தேடுங்கள். டிவிடிகளில் தயாரிப்புக் குறிப்புகள் சப்டைட்டிலாக ஓடும். அதை இரண்டாம் முறை பார்க்கும்போது போடுங்கள், முதல் முறையே போட்டால் கதை போய்விடும்.

பிபிசிக்காரர்கள் சிஎஸ்ஓ என்று சொன்ன நிறத்திரை வித்தையைக் கலாய்க்க டாம் பேக்கரின் முதல் கதையான 'ரோபோ' போதும். குறிப்பிட்ட நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே வேறு படத்தை நுழைப்பதுதான் அந்த வித்தை. ரோபோவின் உடம்போ பளபளக்கும் உலோகம். திரையின் நிறம் அதில் பட்டுத் திரும்ப, ரோபோவின் உடம்பே அங்கங்கே காணாமல் போகும். கூடவே ஒரு பொம்மை டாங்கியும் வரும், சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள். 'தி சோன்டாரன் எக்ஸ்பெரிமென்ட்' எடுக்கையில் டார்ட்மூரில் டாம் பேக்கருக்குக் காறை எலும்பு முறிந்தது. தூரக் காட்சிகளில் ஓடுவது டூப் டெர்ரி வால்ஷ். எங்கே மாறுகிறார் என்று பந்தயம் கட்டலாம்.

1979-இன் 'சிட்டி ஆஃப் டெத்' தானே சிரிக்க வைக்கும், உங்கள் உதவி தேவையில்லை. டக்ளஸ் ஆடம்ஸ் கைவண்ணம். வில்லனாக வரும் ஜூலியன் குளோவர் தன் முகத்தை உரித்தெடுத்ததும், உரித்த முகத்தைவிட உள்ளே இருக்கும் பச்சைத் தலை பெரிதாக இருக்கும். போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நாலாம் பாகத்தை 1.61 கோடி பேர் பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

நம் ஆட்களுக்கு 1982-இன் 'கிண்டா' இன்னும் நெருக்கம். அதில் பாத்திரங்களின் பெயர்களே பன்னா, கருணா, அனத்தா, துக்கா, அனிச்சா. தீய சக்தியின் பெயர் மாரா. பௌத்தத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்த கதை. கடைசியில் அந்த மாரா இளஞ்சிவப்பு ரப்பர் பாம்பாக எழுந்து நிற்கும். டிவிடியில் கணினியில் செய்த புதுப் பாம்பும் இருக்கிறது. தயவுசெய்து பழைய பாம்பையே போடுங்கள்.

'தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' (1977) மட்டும் கொஞ்சம் பார்த்து. பஞ்சு எலியைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். ஆனால் வெள்ளைக்கார நடிகருக்குச் சீனர் வேஷம் போட்டிருக்கிறார்கள், சீனர்களைப் பற்றிய வசனங்களும் அதே லட்சணம். கூட்டத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "அந்தக் காலம் அப்படி" என்று யாராவது ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க விவாதம்தான், பாகம் நகராது.

இதெல்லாம் செரித்த பிறகு பிபிசியின் இன்னொரு விண்வெளித் தொடரான 'பிளேக்ஸ் செவன்' பக்கம் வாருங்கள். 52 எபிசோடு, 1978 முதல் 1981 வரை. கல் குவாரியில் வெள்ளை கவுனில் உலாவும் செர்வலன், யாரையும் நம்பாத ஏவன் என்று கலாய்க்க ஏகப்பட்டது உண்டு. கடைசி எபிசோடு 1981 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. அதில் என்ன நடக்கிறது என்று கமெண்டில் யாரும் எழுதாதீர்கள், எழுதினால் தயங்காமல் நீக்குவேன். பார்க்கப் போகிறவர்கள் மறுநாள் லீவாக இருக்கும்படி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒருத்தரும் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள்.