பழைய சீட்டைக் காட்டி வாங்கும் சொட்டு மருந்து
ஒவ்வாமையால் குழந்தைகளின் கண் சிவந்து அரித்தால் கூட்டுச் சொட்டு மருந்து (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்தது) சீக்கிரம் குணமாக்கும் என்கிறது இங்கே வெளியான கட்டுரை. எந்தக் கூட்டு என்று சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்ததைத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஒவ்வாமைக்குக் கிருமி காரணமில்லை, அதனால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையில்லை. சிவப்பை அடக்குவது ஸ்டீராய்டு. அதை வாரக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறலாம், குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாகவே ஏறலாம், பெரும்பாலும் வலிகூட இருக்காது. எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் புழுதி பறந்தாலே அக்கா மகனுக்குக் கண் அரிக்கும்; பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவிலில் பரிசோதித்தபோது அழுத்தம் கூடியிருந்தது. நல்லவேளை, மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. இப்போது மருத்துவர் கொடுத்த ஓலோபடடின் என்ற ஒவ்வாமைச் சொட்டு மருந்து மட்டும்தான். அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பது, அதை வெளியிடும் மாஸ்ட் செல்களை அடக்குவது என்று இரண்டு வேலையையும் அந்த ஒன்றே செய்கிறது. அப்புறம் குளிர்ந்த ஒத்தடம், கண்ணைக் கசக்க விடாமல் பார்த்துக்கொள்வது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் ஸ்டீராய்டே கூடாது என்று எழுதியிருக்கிறார், அதுவும் சரியில்லை: மேல் இமைக்குள் தடிப்புத் தடிப்பாக வரும் கடுமையான வகைக்கு, கருவிழி புண்ணாகாமல் இருக்க, மருத்துவரே கொஞ்ச நாள் கொடுப்பார், இடையில் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பார்.