நன்றி பேனர்

அந்தப் பேனரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முந்தாநாளிலிருந்து எல்லார் பேஸ்புக் பக்கத்திலும் அதுதான். இலங்கை மலையகத்தில் நம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொங்கிறீட் ரோட்டுப் போட "அனுமதி வழங்கிய" துரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, தோட்ட மக்களின் நன்றியாம். ரோட்டுக்குக் காசு பிரதேச சபையுடையது. சபைக்கு ஆள் அனுப்பியது நம் ஓட்டு. காணி அரசாங்கத்துடையது, கம்பனி வெறும் குத்தகைக்காரர். இதில் துரை என்னதான் கொடுத்தார்? குறுக்கே நிற்காமல் இருந்தார். அதற்கு மாலை.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று வருஷக்கணக்காகக் கைவிரித்தார்கள். ஓட்டுப் போடலாம், ரோட்டுப் போட முடியாது. 2018இல் அதைத் திருத்தியாயிற்று. ஆனாலும் நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் முதலில் போய் நின்றது துரையின் பங்களா வாசலில். (நம் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் கை இவ்வளவு பவ்யமாகக் கட்டியிருக்கவில்லை.)

"எங்கள் துரை நல்லவர்" என்பீர்கள். இருக்கட்டும். அவர் மாற்றலாகிப் போனால் ரோட்டும் கூடவே போய்விடுமா?

"தொழிற்சங்கம் கேட்கட்டுமே." சரி, அந்தச் சங்கத்துக்குச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்து அனுப்புவது யார்? தோட்ட ஆபீஸ். தேர்தலில் நிற்பது யார்? சங்கத் தலைவர்கள். இதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

"சபை மட்டும் யோக்கியமா?" இல்லைதான். ஆனால் சபையை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். துரையை?

"தோட்டம் இல்லாவிட்டால் சோறேது?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழையில் கொழுந்துக் கூடையோடு நிற்பவளிடம் போய்க் கேளுங்கள், யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று.

என் அம்மாயிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, நெஞ்சுவலி வந்த இரவு எனக்கு 11 வயது. ஆம்புலன்ஸ் எங்கள் டிவிசனுக்கு ஏறாது. தோட்ட லொறி வேண்டுமென்றால் துரையிடமிருந்து துண்டுச் சீட்டு வேண்டும். துரை தூங்குகிறார், எழுப்ப எல்லாருக்கும் பயம். கம்பளியில் கட்டி நாலு பேர் தூக்கிப் போனார்கள், நான் டோர்ச் பிடித்தேன். ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது அம்மாயி இல்லை. லொறி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. மறுநாள், பெட்டிக்குப் பலகை கொடுத்ததற்காக அப்பா பங்களாவுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்குக் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தவர் சித்தப்பா. இந்தப் பேனரில் மூன்றாவது படம் அவருடையது. நேற்று போன் எடுத்துக் கேட்டேன். "ஆட்டோ இப்ப லயத்து வாசலுக்கே வருதுடா, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றார்.