கணக்கு எங்கே பிசகியது என்றும் சொல்லுங்கள்

கோப்பை கைக்கு வந்த மறுநாள் ரசிகர்கள் கேட்கும் மன்னிப்பெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். "கோச்சைத் திட்டினேன், தப்புதான்." "அந்தப் பையனை டிரேட் பண்ணுங்கனு கத்தினது நான்தான், ஒத்துக்கிறேன்." ஒத்துக்கொள்வது நல்ல குணம். ஆனால் அதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எந்தக் கணக்கைப் பார்த்து அப்படி முடிவெடுத்தோம், அதில் எது விட்டுப்போனது என்று சொல்லாதவரை அடுத்த சீசனிலும் அதே கணக்கைத்தான் போடுவோம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இதைப் பேச 2014-15 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸைவிடத் தோதான சீசன் எனக்குத் தெரிந்து கிடையாது. 82 ஆட்டத்தில் 67 வெற்றி. கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபில் 16 வெற்றி, 5 தோல்வி. 1975க்குப் பிறகு 40 வருடம் கழித்து சாம்பியன். அந்த அணியை உருவாக்கிய முடிவுகளில் பலவற்றை ரசிகர்கள் அந்தந்த நேரத்தில் எதிர்த்தார்கள், இல்லாவிட்டால் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் ஏனோதானோ ரசிகர்கள் இல்லை. 1994-95இலிருந்து 18 சீசனில் ஒரே ஒரு தடவை பிளேஆஃப் போன அணிக்காக ஓக்லாந்து அரங்கத்துக்கு வந்துகொண்டே இருந்தவர்கள்.

2012 மார்ச் 13 அன்று அணியில் அதிக பாயின்ட் எடுத்துவந்த மான்ட்டா எல்லிஸை மில்வாக்கி அணிக்கு டிரேட் செய்தார்கள், அதாவது வேறு வீரர்களுக்காக மாற்றிக்கொண்டார்கள். கூடவே எக்பே யூடோ, குவாமி பிரவுன். பதிலுக்கு வந்தவர்கள் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரூ போகட், ஸ்டீபன் ஜாக்சன். போகட்டுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது, அந்த சீசனில் இறங்கவே முடியாது. ஆறு நாள் கழித்து, மார்ச் 19, அணியின் பழைய நட்சத்திரம் கிறிஸ் மல்லினின் 17ஆம் எண் ஜெர்ஸிக்கு ஓய்வு கொடுக்கும் விழா. உரிமையாளர் ஜோ லேக்கப் மைக்கைப் பிடித்ததும் அரங்கமே ஊளையிட்டது. மல்லின் சமாதானம் சொல்லிப் பார்த்தார், அடங்கவில்லை. 1975 அணியின் நட்சத்திரம் ரிக் பேரி வந்து ரசிகர்களைக் கண்டித்தார், சத்தம் கூடத்தான் செய்தது.

ஊளையிட்டவர்கள் மனதில் இருந்தது ஒரே எண், ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் என்பது. 2010-11இல் எல்லிஸ் எடுத்தது 24.1. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது சுமார் 20 ஷாட். பாயின்ட்டை மட்டும் பார்த்தால் அவர் நட்சத்திரம். ஷாட் எண்ணிக்கையோடு 0.44 மடங்கு ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) கூட்டி இரட்டிப்பாக்குங்கள், எடுத்த பாயின்ட்டை அதால் வகுத்துப் பாருங்கள். அவர் லீக் சராசரியை ஒட்டித்தான் நிற்கிறார். இன்னொன்று, எல்லிஸும் ஸ்டீபன் கரியும் கார்டுகள் (பந்தைக் கொண்டுசெல்லும் வெளிவட்ட ஆட்டக்காரர்கள்), இருவருமே ஆறடி மூன்றங்குலம். இருவரையும் சேர்த்து இறக்கினால் ஒருவர் தன்னைவிடப் பெரிய கார்டைத் தடுத்தாக வேண்டும். அவர் தலைக்குமேல் ஷாட் போகும். பின்னால் வளையத்தைக் காக்கவும் ஆள் கிடையாது. ஒரே டிரேடில் இரண்டு ஓட்டையும் அடைந்தன. அந்த வருடம்தான் முதல் சீசன் ஆடிக்கொண்டிருந்த கிளே தாம்சனுக்கு இடமும் கிடைத்தது.

அதே சமயம் ரசிகர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அந்த சீசன் முடியும்வரை அணி தோற்பதற்கென்றே ஆடியதுபோல இருந்தது. புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிகளுக்கே முன்வரிசை. அந்த வரிசையில் முதல் ஏழு இடத்துக்குள் வந்தால்தான் தேர்வு வாய்ப்பு கையில் தங்கும், வராவிட்டால் யூட்டா அணிக்குப் போய்விடும். அந்த வருடம் சுருங்கிப்போன 66 ஆட்ட சீசனில் 23 மட்டும் ஜெயித்து ஏழாம் இடத்தைத் தக்கவைத்து ஹாரிசன் பார்ன்ஸை எடுத்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு அதில் கோபம் வருவது நியாயம்தான். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். போகட் மறு சீசனிலும் 32 ஆட்டம்தான் ஆடினார். ஆக, ஒரு முழு வருடத்துக்கு ரசிகர்கள் சொன்னதே சரி என்றுதான் தெரிந்தது. காயத்தோடு வரும் ஒரு பெரிய ஆளுக்கான டிரேடை எடைபோட இரண்டு, மூன்று சீசனாவது பொறுக்க வேண்டும்.

கரி விஷயம் வேறு. 2011-12இல் 66 ஆட்டத்தில் 26தான் ஆடினார். அதே கணுக்காலில் இரண்டு வருடத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. 2012 அக்டோபரில் நான்கு வருடத்துக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தம். "இது சூதாட்டம்" என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், அந்த ஆபத்தைக் கணக்கில் வைத்துத்தான் அந்த விலையே வந்தது. பின்னால் இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்கி, கணுக்காலில் விழும் பாரத்தைக் குறைக்கும் பயிற்சியை அணி கொடுத்தது. 78, 78, 80 என்று அடுத்த மூன்று சீசன் ஆடினார், 2015இல் எம்.வி.பி., அதாவது சீசனின் மதிப்புமிக்க வீரர் ஆனார். பலன் நல்லபடி வந்ததால் சந்தேகப்பட்டது பிழையாகிவிடாது. சந்தேகப்பட்டவரை மன்னிப்புக் கேட்கச் சொல்வது அநியாயம்.

எல்லாவற்றிலும் பெரிய பிசகு பயிற்சியாளர் மார்க் ஜாக்சன் விஷயத்தில் நடந்தது. 47 வெற்றி, பிறகு 51 வெற்றி, இரண்டு சீசனும் பிளேஆஃப். 2014 மே 6 அன்று அவரை நீக்கினார்கள். கரி உட்பட வீரர்களே வெளிப்படையாக அவர் பக்கம் நின்றவர்கள். இடத்துக்கு வந்த ஸ்டீவ் கெர் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் பயிற்சியாளராக இருந்தவர் இல்லை. "51 ஜெயிச்சவரை அனுப்பிட்டு அனுபவமே இல்லாதவரா?" என்ற கேள்வி எவருக்கும் வரும்.

இங்கே விட்டுப்போன எண்ணை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக எத்தனை பாயின்ட் எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை 2.7ஆல் பெருக்கி 41ஓடு கூட்டுங்கள். அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டங்கள் எத்தனை என்று ஓரளவு கிடைக்கும். 2013-14 வாரியர்ஸின் வித்தியாசம் கிட்டத்தட்ட 5. கணக்குப்படி 54. உண்மையில் கிடைத்தது 51. ரசிகர்கள் உச்சம் என்று நினைத்த 51, அந்த ஆட்டக்காரர்களின் தரத்துக்குக் குறைச்சல்.

ஏன் குறைந்தது? தாக்குதல் ஆட்டம் லீகில் 12ஆம் இடம். கரி, தாம்சன் இருவரையும் வைத்துக்கொண்டு 12! ஆட்டத்துக்கு 250க்கும் குறைவான பாஸ், 30 அணிகளில் அதுதான் கடைசி. பந்து ஒரு பக்கமாக நின்றுபோகும். ஒருவர் முதுகைக் காட்டித் தள்ளிக்கொண்டு போவார், மற்ற நால்வரும் நின்று பார்ப்பார்கள். முதல் ஐவர் இறங்கியிருக்கும்போது எதிரணிகளை நன்றாகவே அடித்தார்கள். பெஞ்சிலிருந்து மாற்று வீரர்கள் வந்ததும் அந்த லாபம் கரைந்தது. கெர் ஆட்டத்துக்கு 300 பாஸ் வேண்டும் என்றார், கிடைத்தது. தாக்குதல் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அதுவரை வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூட பெஞ்சிலிருந்து இறங்காத ஆண்ட்ரே இகுடாலாவை பெஞ்சுக்கு அனுப்பி, பார்ன்ஸை முதல் ஐவரில் வைத்தார். அதனால் இரண்டாம் வரிசையும் உருப்படியானது. அந்த சீசனின் வித்தியாசம் 10.1. சூத்திரத்தில் போட்டால் 68 வருகிறது, ஜெயித்தது 67.

ஜாக்சன் ஒன்றும் தெரியாதவர் என்று இப்போது தலைகீழாகப் பேசுவது அடுத்த பிழை. தடுப்பாட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான், அதை கெரே பல தடவை சொன்னார். போகட் இல்லாமல் டிரேமண்ட் கிரீனை வைத்துக் குள்ள அணியாக முதல் ஐவரை இறக்கியதும், 2014 கிளிப்பர்ஸ் தொடரில், ஜாக்சன்தான்.

"ஜம்ப் ஷாட் அடிக்கிற அணி கோப்பை வெல்லாது" என்று முன்னாள் வீரரும் டிவி விமர்சகருமான சார்ல்ஸ் பார்க்லி சொல்லிக்கொண்டிருந்தது பலருக்கு வேதவாக்காக இருந்தது. வாரியர்ஸ் அடித்தது ஆட்டத்துக்கு 27 த்ரீ (தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று பாயின்ட் ஷாட்), அதில் 39.8 சதவீதம் உள்ளே. நூறு த்ரீயில் 40 விழுந்தால் 120 பாயின்ட், அதே 120ஐ எடுக்க இரண்டு பாயின்ட் ஷாட்டில் 60 விழ வேண்டும். இந்தக் கணக்கையாவது சிலர் போட்டார்கள். எல்லோரும் தவறவிட்டது தடுப்பாட்டத்தை. ஆட்டத்துக்கு 99.9 பாயின்ட் கொடுத்தார்கள், பட்டியலில் அது நடுவாந்தரமாகத் தெரியும். ஆனால் லீகிலேயே வேகமாக ஆடிய அணி அது. பந்து கை மாறும் தடவை அதிகமானால் இரு பக்கமும் பாயின்ட் ஏறத்தான் செய்யும். ஷாட் எண்ணிக்கை, அதோடு 0.44 மடங்கு ஃப்ரீ த்ரோ, அதிலிருந்து தாக்குதல் ரீபவுண்டை (தவறிய தன் ஷாட்டைத் தாங்களே திரும்பப் பிடித்தது) கழித்து, பறிகொடுத்த பந்தைக் கூட்டினால் ஒரு அணிக்குப் பந்து கிடைத்த தடவை வரும். அதை வைத்து நூறு தடவைக்கு எத்தனை கொடுத்தார்கள் என்று பார்த்தால் தடுப்பில் முதல் அணி வாரியர்ஸ். ஆட்டச் சராசரியை மட்டும் பார்த்து எந்த அணியின் தடுப்பையும் எடைபோடாதீர்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கிரீன் விஷயத்தில் தவறியது ரசிகர்கள் மட்டும் இல்லை. 2012 டிராஃப்டில் 35ஆவது ஆள். அணியில் அந்த இடத்தில் அதுவரை ஆடியவர் 2013இல் ஆல்ஸ்டார் ஆன, வருடம் 15 மில்லியன் வாங்கிய டேவிட் லீ. 2014-15 சீசன் தொடங்கும் நேரத்தில் லீயின் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் கிரீன் இறங்கினார், லீ திரும்பி வந்தபோது இடம் இல்லை. யாரும் முன்கூட்டித் தீட்டிய திட்டம் அதில் இல்லை. அதனால் "கெரின் தீர்க்கதரிசனம்" என்று எழுதுவதும் பொய்.

கிரீன் என்ன மாற்றினார் என்பதை ஒரே ஒரு ஆட்டமுறையில் பார்க்கலாம். கரியைத் தடுப்பவரின் வழியில் நின்று கரிக்கு கிரீன் மறைப்புப் போடுகிறார். கரி த்ரீ அடித்துவிடுவார் என்ற பயத்தில் இரண்டு பேர் கரி மேல் பாய்கிறார்கள். கரி பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்கும் கிரீனிடம் தள்ளுகிறார். இப்போது நான்கு பேருக்கு எதிரே மூன்று பேர். கிரீன் ஒரே ஒரு தடவை பந்தைத் தரையில் தட்டி, வளையத்தடிக்கோ மூலைக்கோ கொடுக்கிறார். இதை லீயும் செய்வார். மறுமுனையில்தான் வித்தியாசம். எதிரணி மறைப்புப் போடும்போது கிரீன் கார்டையும் தடுப்பார், சென்டரையும் தடுப்பார். ஆளை மாற்றிக்கொண்டால் போதும், உதவிக்கு யாரும் தன் ஆளை விட்டு ஓட வேண்டாம். அதனால் மூலையில் யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். பாயின்ட், ரீபவுண்ட் பட்டியலில் இது எதுவும் ஏறாது.

2015 இறுதித் தொடரில் கிளீவ்லாந்து 2-1 என முன்னிலை. நான்காம் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, நிக் யூரன் என்ற இளம் உதவியாளர் போகட்டை எடுத்துவிட்டு இகுடாலாவை இறக்கலாம் என்று யோசனை சொன்னார். முதல் ஐவரை மாற்றவில்லை என்று செய்தியாளர்களிடம் கெர் சொன்னார், பிறகு அது பொய் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கியதும் 7-0 என வாரியர்ஸ் பின்னால். கிளீவ்லாந்தின் ஏழடி சென்டர் டிமோஃபே மோஸ்கோவ் அன்று 28 பாயின்ட் எடுத்தார். அதை மட்டும் பார்த்தவர் குள்ள அணி உதை வாங்குகிறது என்றுதான் சொல்வார். முடிவு 103-82, வாரியர்ஸுக்கு. மோஸ்கோவ் உள்ளே இரண்டு இரண்டாக எடுக்கட்டும் என்று விட்டார்கள், அவரை வெளியே இழுத்து ஓடவிட்டார்கள். ஐந்தாம் ஆட்டத்தில் மோஸ்கோவுக்கு அவருடைய கோச் கொடுத்தது 9 நிமிடம். இகுடாலா இறுதித் தொடரின் சிறந்த வீரர்.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டாம். கிளீவ்லாந்தின் கெவின் லவ்வுக்குத் தோள் காயம், கைரி இர்விங்குக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால். லெப்ரான் ஜேம்ஸ் கிட்டத்தட்டத் தனியாக இழுத்தார். 82 ஆட்டத்தின் 10 பாயின்ட் வித்தியாசத்தை எவருடைய காயமும் கொடுத்துவிடாது, ஆனால் அந்த ஆறு ஆட்டத்தின் முடிவில் காயத்துக்குப் பங்கு உண்டு.

அதனால் சீசனுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். உங்கள் தீர்ப்பு ஒரு வரி, அதற்கு ஆதாரமான எண் ஒரு வரி, எதைப் பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று ஒரு வரி, தேதியோடு. 20ஆம் ஆட்டத்தில் ஒரு தடவை, 41இல் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நினைவை நம்பினால், முதலிலிருந்தே தெரியும் என்றுதான் அது சாட்சி சொல்லும்.

கடைசியாக, நடக்காமல் போன டிரேட். 2014 கோடையில், அப்போது வேறு அணியில் இருந்த லவ்வுக்காக தாம்சனைக் கொடுங்கள் என்று பாதிப் பேர் கேட்டார்கள். லவ் 26.1 பாயின்ட், 12.5 ரீபவுண்ட், தாம்சன் 18.4 பாயின்ட். அணிக்குள் ஆலோசகர் ஜெர்ரி வெஸ்ட்டும் கெரும் கூடாது என்றார்கள். வருவது என்ன என்று பார்த்த ரசிகர்கள், போவது என்ன என்று பார்க்கவில்லை. எதிரணியின் வேகமான கார்டை தாம்சன் தடுப்பதால்தான் கரிக்குத் தாக்குதலுக்கு மூச்சு மிஞ்சியது. 2015 ஜனவரி 23, சாக்ரமெண்டோவுக்கு எதிராக ஒரே குவார்ட்டரில் தாம்சன் 37 பாயின்ட் எடுத்தார், 13க்கு 13 ஷாட். அன்றே மன்னிப்புகள் வரிசை கட்டின. பலர் அதோடு நிற்காமல், "லவ் வராததே நல்லது, அவருக்குத் தடுக்கவே தெரியாது" என்றும் சேர்த்து எழுதினார்கள். 2016 இறுதித் தொடர், ஏழாம் ஆட்டம், கடைசி நிமிடம், கிளீவ்லாந்து 92-89. த்ரீ கோட்டுக்கு வெளியே கரி இடமும் வலமும் அசைந்து அசைந்து ஆளைக் கழற்றப் பார்க்கிறார். எதிரே தனியாக மாட்டிக்கொண்டவர் லவ். கடைசிவரை விலகாமல் கையைத் தூக்கியபடியே நின்றார். ஷாட் விழவில்லை.