சண்டையை எடுத்துவிட்டு எந்த ஞானத்தைப் படிப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். நேரில் வந்திருப்பீர்கள், இல்லையென்றால் வீடியோ பார்த்திருப்பீர்கள். அதனால் விவரமாகச் சொல்லப் போவதில்லை. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலைப் பற்றிப் பேச வந்த பெண் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய நாலு பக்கத்தில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. "குரங்கு கம்பைச் சுத்துற கதையில ஆன்மீகம் எங்கம்மா இருக்கு? புத்தரைப் பத்திப் பேசணும்னா நேரா பௌத்தத்தைப் பேசு" என்றார் பெரியவர். சபை சிரித்தது. அந்தப் பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கை தூக்கினேன், நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

'மேற்கு நோக்கிய பயணம்' நாவலில் சண்டை தனி, ஆன்மீகம் தனி என்று கிடையாது. சண்டைதான் அதன் ஆன்மீகம். அதைப் பிரித்து எடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. சுன் வூகோங் என்ற குரங்கு வீரனையும் இன்னும் சில சீடர்களையும் கூட்டிக்கொண்டு, பௌத்த மறைநூல்களை வாங்கிவர ஒரு சீனத் துறவி இந்தியாவுக்குப் போகிற கதை. 1592இல் நான்ஜிங்கில் ஆசிரியர் பெயர் போடாமல் அச்சான 100 அத்தியாய நாவல் அது. இத்தனை காலமும் சும்மா வித்தை காட்டியா நின்றிருக்கிறது?

14ஆவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவலோகத்தைக் கலக்கிய தண்டனையாக 500 வருஷம் மலைக்கு அடியில் கிடந்த சுன் வூகோங் வெளியே வருகிறான். துறவியைக் குருவாக ஏற்றுக்கொண்டு நடக்கத் தொடங்கியதுமே ஆறு திருடர்கள் வழிமறிக்கிறார்கள். அவர்கள் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள்: கண், காது, மூக்கு, நாக்கு, மனம், உடம்பு. ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஆசையோ கோபமோ ஒட்டியிருக்கிறது. வூகோங் ஆறு பேரையும் ஒரே இடத்தில் அடித்துக் கொல்கிறான். ஐம்புலனையும் மனதையும் அடக்கியாயிற்று, ஞானம் வந்துவிட வேண்டுமல்லவா? வரவில்லை. கொன்றது தப்பு என்று குரு கண்டிக்கிறார், அவன் கோபித்துக்கொண்டு பறந்துவிடுகிறான். புலன்களைக் கொன்றவனுக்கு ஒரு வார்த்தை பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தலையில் அந்த வளையம் ஏறுகிறது, குரு மந்திரம் சொன்னால் மண்டையை இறுக்குகிற வளையம். அகந்தையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு சொற்பொழிவில் சொல்லிவிட முடியுமா? ஒரு சண்டைக் காட்சி சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், 27ஆவது அத்தியாயம். எலும்புப் பிசாசு ஒன்று இளம் பெண்ணாக, பிறகு கிழவியாக, பிறகு கிழவனாக மூன்று முறை வேஷம் போட்டு வருகிறது. மூன்று முறையும் வூகோங் கண்டுபிடித்து அடிக்கிறான். குருவின் கண்ணுக்குத் தெரிவது மூன்று அப்பாவிப் பிணங்கள். கூட இருக்கிற பன்றிச் சீடன் வேறு கோள் மூட்டுகிறான். கடைசியில் நீ எனக்குச் சீடனே இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்துத் துரத்திவிடுகிறார் குரு.

போகும் முன் வூகோங் விழுந்து கும்பிட வருகிறான். குரு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கெட்டவனின் வணக்கம் எனக்கு வேண்டாம் என்கிறார். அவன் பின்னந்தலையிலிருந்து மூன்று மயிரைப் பிடுங்கி ஊதுகிறான். அது மூன்று வூகோங் ஆகிறது. தன்னோடு சேர்த்து நாலு பேராக, நாலு பக்கமும் குருவைச் சூழ்ந்துகொண்டு விழுந்து வணங்குகிறான். இந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவன், அந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவன். குருவால் அந்த வணக்கத்தை வாங்காமல் இருக்க முடியவில்லை.

தேவலோகத்தையே கலக்கிய வித்தை அது. ஒரு படையையே உண்டாக்க உதவிய மயிர். அதை இங்கே ஒரு நமஸ்காரத்துக்குச் செலவழிக்கிறான். இதைப் படித்துவிட்டு "ஆன்மீகம் எங்கம்மா இருக்கு" என்று கேட்கிற மனசு எனக்குப் புரியவே இல்லை.

கொஞ்சம் சொந்தக் கதை. நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது எங்கள் போர்மேன் ஒரு வயதான சீனர். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பர்ஸில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த மஞ்சள் காகிதம் ஒன்று இருக்கும், சிவப்பில் ஏதோ எழுதியிருக்கும். தியோங் பாருவில் எங் ஹூன் தெருவில் இருக்கிற கோயிலில் வாங்கியது. அந்தக் கோயிலின் சாமி யார் தெரியுமா? இதே வூகோங். ஒரு விசேஷ நாளன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவருக்கு அருள் வந்து, குரங்கு மாதிரியே உட்கார்ந்து, உடம்பைச் சொறிந்துகொண்டு குறி சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று அழுதாள். எனக்கு எங்கள் ஊர்ச் சாமியாடிதான் நினைவுக்கு வந்தார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஊதுபத்தியோடு அசையாமல் நின்றார். அந்த மனிதரிடம் போய், இது குரங்கு வித்தை அங்கிள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. உங்களுக்கு வருமா?

உடனே ஒரு பதில் வரும், வீடியோவுக்குக் கீழேயே வந்துவிட்டது: "இது நம்ம அனுமாரைப் பார்த்து அடிச்ச காப்பி." சரி, அப்படியே இருக்கட்டுமே. இந்த வாதம் சீனாவிலேயே நூறு வருஷமாக நடக்கிறது. இந்தக் குரங்கின் மூலம் இந்தியாவில் என்றார் அறிஞர் ஹூ ஷி, எழுத்தாளர் லூ சுன் அதை ஒப்பாமல் சீனத்து நீர்ப்பூதம் ஒன்றைக் காட்டினார். சுவான்ஜோ நகரத்துக் கையுவான் கோயில் கோபுரத்தில் 13ஆம் நூற்றாண்டுக் குரங்கு வீரன் சிற்பம் இருக்கிறது. அதே நகரத்தில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது, நம் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி வாழ்ந்த ஊர் அது. தொடர்பு இருந்திருக்கலாம் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அனுமன் முதல் பார்வையிலேயே ராமனுக்கு அடிமையானவன். வூகோங் வழியெல்லாம் முரண்டு பிடித்துப் பக்திக்கு வந்து சேர்கிறவன். இரண்டும் வேறு வேறு மனசு.

அடுத்தது: இந்தத் துறவிக்கு முன்மாதிரியான, வரலாற்றில் வாழ்ந்த யுவான் சுவாங்கை நாவல் கோழையாகக் காட்டிவிட்டது என்பது. ஆமாம், நாவலின் துறவி அழுகிறார், பயப்படுகிறார். உண்மையில் அவர் பாலைவனத்தில் தண்ணீர்த் தோல்பையைத் தவறவிட்டு, ஐந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடந்தவர். நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்து, 100க்கு மேல் பௌத்த மடங்கள், 10,000 துறவிகள் என்று எழுதிவைத்தவர். 645இல் 657 நூல்களோடு சீனத் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பியவர். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற மரியாதை யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் நாவலின் துறவி நம்மைப் போன்றவர். பயந்துகொண்டே, ஆனால் திரும்பாமல் போகிறார்.

பயணத்தின் முடிவில் மறைநூல் கொடுக்கப் புத்தரின் சீடர்கள் கையூட்டுக் கேட்கிறார்கள், இது மத நிந்தனை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். முழுசாகப் படித்தாரா? கையில் ஒன்றும் இல்லையென்றதும் வெற்றுத் தாள்களைக் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். திரும்பி வந்து முறையிட்டால், எழுத்தில்லாத அதுதான் மெய்யான மறை, உங்கள் ஊர் மக்களுக்குப் புரியாது என்பதால் எழுதியதையே தருகிறேன் என்கிறார் புத்தர். அதையும் வாங்கத் துறவி தன் பொன் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பற்று அது. இதில் நிந்தனை எங்கே இருக்கிறது?

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்து, திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சம் பேரோடு நின்று சூரசம்ஹாரம் பார்க்கிற ஊர் நம்முடையது. மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளந்து, மயிலும் சேவலுமாக ஆக்கி, பகைவனையே கொடியிலும் வாகனத்திலும் வைத்துக்கொள்கிற கதை நம்முடையது. அரிவாள் பிடித்த கருப்பன் காலில் விழுகிறோம். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, சண்டை இருந்தால் ஆன்மீகம் இல்லை என்று ஒரு சின்னப் பெண்ணின் வாயை அடைக்கிறீர்கள். சாமி சண்டை போட்டால் பக்தி, நாவலில் சண்டை வந்தால் பொம்மைக் கதையா?

இந்த "குரங்குக் கதை" எண்ணத்துக்குச் சுருக்கங்களும் ஒரு காரணம். ஆர்தர் வேலி 1942இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது 30 அத்தியாயமாகக் குறைத்தார், பாட்டுகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டார். அந்தோனி யூ 1977 முதல் 1983 வரை நாலு தொகுதியாக முழுசாகத் தந்த பிறகுதான் அந்தப் பாட்டுகளில் எவ்வளவு யோகமும் ரசவாதமும் இருக்கிறது என்று ஆங்கில வாசகர்களுக்குத் தெரிந்தது. படம், கார்ட்டூன், வீடியோ கேம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

98ஆவது அத்தியாயத்தில் ஒரு படகு வருகிறது, அடியில் பலகையே இல்லாத படகு. துறவி ஏறப் பயப்படுகிறார். வூகோங் பிடித்துத் தள்ளிவிடுகிறான். நடு ஆற்றில் போகும்போது, நீரோட்டத்தின் மேல்பக்கத்திலிருந்து ஒரு பிணம் மிதந்து வருகிறது. துறவி நடுங்குகிறார். வூகோங் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: பயப்படாதீர்கள் குருவே, அது நீங்கள்தான். அப்பா இறந்த வருஷம் இதைப் படித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகு நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிரசங்கமும் எனக்கு அதைச் செய்ததில்லை.

முழுசாகப் படிக்க நேரமில்லை என்பவர்கள் 14, 27, 98 இந்த மூன்றை மட்டும் படியுங்கள். ஒரு ராத்திரி போதும். படித்துவிட்டு வந்து என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் மோதுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். படிக்காமல் வருகிறவர்களுக்கு இனிமேல் பதில் கிடையாது.