எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வெண்கலக் கம்பியா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் அகூஸ்டிக்குக்கான (மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் கிட்டாருக்கான) வெண்கலக் கம்பிகளைப் போட்டால் ஒலி கதகதப்பாகும், கம்பியும் நீண்ட நாள் உழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இதை நம்பிப் புதுசாகக் கற்பவர்கள் காசு செலவழிப்பார்களே என்றுதான் எழுதுகிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம் பிக்கப். அது காந்தமும் செம்புச் சுருளும்தான். காந்தம் ஈர்க்கும் உலோகம் அதன் மேல் அதிர்ந்தால்தான் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். தடித்த கம்பிகளில் எஃகு நடுக்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் வெண்கலச் சுற்று பெரும்பாலும் செம்பு. காந்தம் அதை ஈர்க்காது. உள்ளே இருக்கும் எஃகு நடுக்கம்பி மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும். அதனால் தடித்த கம்பிகள் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மெலிந்து கேட்கும், சுற்றில்லாத முதல் இரண்டு கம்பிகள் மட்டும் உரக்க ஒலிக்கும். கதகதப்பு வேண்டுமென்றால் சுத்த நிக்கல் சுற்றிய கம்பி செட் நல்ல தேர்வு. நிக்கலைக் காந்தம் ஈர்க்கும்.

நீங்களே சோதிக்கலாம். கழற்றிப்போட்ட பழைய வெண்கலக் கம்பி ஒன்றின் வெளிச்சுற்றைக் கொஞ்சம் பிரித்தெடுங்கள். பிரித்த துண்டில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வையுங்கள், ஒட்டாது. நடுக்கம்பியில் ஒட்டும். (முழுக் கம்பியில் வைத்துப் பார்த்தால் உள்ளே உள்ள எஃகால் ஒட்டிவிடும், ஏமாந்துவிடாதீர்கள்.) அப்புறம் எலெக்ட்ரிக் கம்பியின் சுற்றையும் அப்படியே பிரித்துப் பாருங்கள், சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

உழைப்பைப் பொறுத்தவரை, வெண்கலமும் வியர்வை பட்டால் கறுக்கும். நீண்ட நாள் வர வேண்டுமானால் மேற்பூச்சுள்ள எலெக்ட்ரிக் கம்பிகளை வாங்குங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.