ஆமாம், சாம்பார்க் கிறிஸ்தவம்தான்

போன வாரம் "வெள்ளிக்கிழமை, கவுச்சி இல்லை" என்று எழுதி நான் போட்ட சாப்பாட்டுத் தட்டுப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் எதையும் அழிக்கவில்லை, யாரையும் பிளாக் செய்யவுமில்லை. "இது சாம்பார்க் கிறிஸ்தவம்" என்று எழுதிய சகோதரரின் கமெண்டும், அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பெயர்களும் அப்படியேதான் இருக்கின்றன. என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

முதலில் ஒன்று. அது சாம்பார் இல்லை. தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. பக்கத்தில் முருங்கைக்கீரை, சுட்ட அப்பளம். சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் வித்தியாசம் தெரியாதவர் எனக்குத் திருச்சபைச் சட்டம் சொல்லித் தருகிறார். சரி, இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தில் இறைச்சிக்குத்தான் விலக்கு, மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம்; வெள்ளிக்கிழமை கவுச்சியே கூடாது என்பதெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்துக் காப்பியடித்தது என்பது அவர் வாதம். சட்டம் எனக்கும் தெரியும் ஐயா. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1251ஆம் எண். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் சுத்தபோசனத்தோடு ஒருசந்தியும், அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு. அடுத்த எண்ணையும் சொல்கிறேன்: 14 வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம், 18இலிருந்து 59 வயது முடியும்வரை ஒருசந்தி. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான்.

ஆனால் அது, இவ்வளவாவது செய் என்று சொல்கிற சட்டம். இதற்குமேல் செய்தால் நீ கிறிஸ்தவளே இல்லை என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கவேண்டும் என்பதை எங்கள் வீடு முடிவு செய்யும். அதற்கு எவரிடமும் சான்றிதழ் வாங்கவேண்டியதில்லை.

எங்கள் அம்மா வீடு திண்டுக்கல் பக்கம். சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் இரவு, சாப்பாடு முடிந்ததும் கறிச்சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார் அம்மா. சும்மா கழுவுவது இல்லை, தேய்ப்பு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மோந்து பார்த்து, மறுபடி தேய்த்து, துணியில் சுற்றிப் பரணில் கவிழ்த்துவிடுவார். அதற்கப்புறம் அது ஈஸ்டர் இரவுப் பூசை முடிந்து நாங்கள் தூக்கக் கலக்கத்தோடு வீடு வந்த பிறகுதான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளைத் தவக்காலக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால்தான் 46 நாள் 40 ஆகிறது என்று நான் சட்டம் பேசிப் பார்த்திருக்கிறேன். "சட்டி எண்ணத் தெரியாதது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

வெள்ளிக்கிழமை என்றால் முட்டைகூட உள்ளே வராது. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குப் போகவேண்டும் என்பதால் மூன்று மணிக்கே குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்காருவார். வெள்ளிக்குத் துக்க தேவ இரகசியங்கள், இயேசுவின் பாடுகளை ஐந்து கட்டமாக நினைத்துச் சொல்லும் செபம். பூங்காவனத்தில் இயேசு இரத்த வியர்வை சிந்தும்போது குழம்பு தளதளவென்று கொதிக்கும், சிலுவையைச் சுமக்கும்போது தீயைக் குறைப்பார், ஐந்தாவது முடியும்போது எண்ணெய் பிரிந்திருக்கும். கடிகாரம் பார்த்துக் குழம்பு வைக்க எனக்கு இன்றைக்கும் வராது. இதைப் போய்க் காப்பி என்கிறார்கள்.

காப்பி என்றே வைத்துக்கொள்வோம். யாரைப் பார்த்து? 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி அசைவத்தை விட்டுவிட்டு, ஒருவேளைச் சோறும் மரக்கறியுமாகச் சந்நியாசிபோல வாழ்ந்தாரே, அந்த இத்தாலிக்காரர் சாம்பார்க் கிறிஸ்தவரா? முட்டைக்கு வருவோம். பழைய காலத்தில் ஐரோப்பாவிலேயே தவக்காலம் முழுக்க முட்டையும் பாலும் நெய்யும் விலக்கு. அதனால்தான் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வீட்டிலிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தீர்க்க அப்பம் சுடும் வழக்கமே வந்தது. கேரளத்தில் சிரோ மலபார் திருச்சபை வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தின ஐம்பது நோன்புக்கு மீனும் தொடாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் கத்தோலிக்கர்தான், அதே போப்பாண்டவர்தான். முட்டை விஷயத்தில் எங்கள் அம்மாவுடைய விதி சகோதரருடைய விதியைவிடப் பழையது. இதை அங்கேயே எழுதியிருப்பேன். கை நடுங்கியது, போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டு அக்காவும் வெள்ளிக்கிழமை கவுச்சி சமைக்கமாட்டார், எங்கள் அம்மாவும் சமைக்கமாட்டார். காரணம் வேறு, கிண்ணம் ஒன்று. சுவர்மேல் அன்றைக்குத்தான் நிம்மதியாகக் குழம்பு இங்கும் அங்கும் போகும். இதில் எந்த விசுவாசம் கரைந்துபோயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

சிலர் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் வை, வெளியே காட்டிக்கொள்ளாதே என்கிறது வேதம், நீ படமெடுத்துப் போடலாமா என்று. நியாயமான கேள்விதான். படத்துக்கு மேலே "வெள்ளிக்கிழமை, கவுச்சி இல்லை" என்று எழுதியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் போட்டது குழம்பை, நோன்பை இல்லை. வருஷம் முழுக்கக் குழம்பு படம் போடுகிறவள் நான். போன கிறிஸ்துமஸுக்கு அதிரசம் போட்டபோது மத்தேயு எங்கே போயிருந்தார்?

ஒரே ஒரு கமெண்டுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. குளச்சல் பக்கத்துத் தங்கை ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க ஊருல மீனுதான் மலிவு, காய்தான் விலை. வெள்ளிக்கிழமை மீனை விட்டா அது ஒறுத்தலா, செலவா அக்கா?" ஒறுத்தல் என்றால் ஆசைப்பட்டதைக் கடவுளுக்காக விட்டுக்கொடுப்பது. அதைப் படித்ததும் மாமியார் வீட்டு முதல் தவக்காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் வாழ்க்கைப்பட்டது கடற்கரையில். கல்யாணமாகி மூன்றாவது மாதம், வெள்ளிக்கிழமை மத்தியானம், மாமி சாளைப் புளிமுளம் என்கிற மீன்குழம்பு வைத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, எனக்கென்று பெரிய மீனாக நாலு பொறுக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டேன் மாமி என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதமும் சரியில்லை, நான் என்னமோ பெரிய பக்திமான் மாதிரி. மாமி கோபப்படவில்லை. "மீனு வேண்டாம்னா பின்ன எதக் கூட்டிச் சோறு திங்க, மக்ளே?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு கத்தரிக்காய்கூட இல்லை. தேங்காயும் வற்றலும் வைத்து அம்மியில் துவையல் அரைத்துத் தந்தார். அடுத்த வெள்ளி, நான் கேட்காமலேயே அந்தத் துவையல் தனிக் கிண்ணத்தில் வந்துவிட்டது. அதற்கடுத்த வெள்ளியும். ஒரு தடவைகூட மாமி என்னிடம் சட்டம் பேசவில்லை. பேசியிருந்தால் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது.

அந்தக் குளச்சல் பெண்ணுக்கு ஒரு இதயப் பொம்மை போட்டுவிட்டு விட்டேன். வேறென்ன சொல்ல?

சட்டத்தைத் தூக்கிப்பிடிக்கிற நம் சகோதரரிடம் மட்டும் ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓட்டலில் வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் ஆளுக்கு இரண்டு பிளேட் சொல்லிச் சாப்பிட்டால் சட்டப்படி அது சுத்தபோசனம். தட்டைப்பயறுக் குழம்பு மூடநம்பிக்கை. அப்படித்தானே? கேட்டால் கோபம் வரும். வரட்டும், எனக்கும் வந்ததே.

அம்மாவிடம் நானே ஒருதரம் சட்டத்தை வைத்து மல்லுக்கு நின்றிருக்கிறேன். 2021, மார்ச் 19 வெள்ளிக்கிழமையில் வந்தது. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் பெருவிழா. பெருவிழா வெள்ளியில் விழுந்தால் சுத்தபோசனம் கிடையாது, அதே 1251இல் இருக்கிறது. போன் போட்டு, "இன்னிக்கு கறி எடுக்கலாம்மா, திருச்சபையே சொல்லுது" என்றேன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "சூசையப்பரா வந்து உங்கிட்ட கறி கேட்டாரு?" என்றார். பருப்பு உருண்டைக் குழம்பு வைத்ததாகச் சாயங்காலம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

இந்த வருஷம் பரணில் சட்டியைக் கவிழ்க்க அம்மா இல்லை. தேய்த்தது நான்தான். எத்தனை தடவை தேய்த்தும் வாசனை போகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, மோந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் அதற்கு. அந்த வாரம் வைத்த குழம்பைத்தான் படமெடுத்துப் போட்டேன். அதற்குத்தான் சிரிப்புப் பொம்மை.

இனி அடுத்த பஞ்சாயத்துக்கு நானே தலைப்பு எடுத்துக்கொடுத்துவிடுகிறேன். இன்றைக்கு மத்தியானம் என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்தாள். பயறு வேண்டாம், ஆம்லெட்தான் வேண்டும் என்று நின்றாள். வயது 11, சட்டம் அவளை ஒன்றும் கேட்காது. அம்மா வீட்டு வழக்கம் கேட்கும். இரண்டு நிமிஷம் அடுப்படியில் நின்று யோசித்தேன், வெங்காயம் நறுக்கினேன், போட்டுக் கொடுத்தேன். ஆமாம், வெள்ளிக்கிழமைதான். அதையும் படமெடுத்துப் போடட்டுமா?